பில்லில் ஃபேன் ஹப், கேபினெட்டுக்குள் ஒய் கேபிள்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்குபவர்கள் கவனத்துக்கு

கடையில் அசெம்பிள் செய்து கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், அதிலும் ஆறு ஃபேன், ஏழு ஃபேன் வைத்த கண்ணாடிக் கேபினெட் வாங்கியவர்கள், இதைப் படித்துவிட்டு ஒருமுறை பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆனது இன்னொருவர் வீட்டில் ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தங்கை கட்டடக்கலை படிக்கிறாள். வரைந்த கட்டடத்தை நிஜப் படம் போல மாற்றும் ரெண்டரிங் போட்டால் ராத்திரி முழுக்க மெஷின் ஓட வேண்டும். மார்ச் மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 92,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்து வாங்கினோம். கேபினெட்டோடு மூன்று ஃபேன் வந்தது. நாங்கள் இருப்பது வேலூர். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இன்னும் மூன்று போடச் சொன்னேன். மதர்போர்டில் கேபினெட் ஃபேன் ஒயரைச் செருகும் பின் வரிசை, அதாவது ஹெடர், இரண்டே இரண்டுதான் இருந்தது. "ஹப் போட்டுத் தரேன் அண்ணா, ஆறும் ஒரே ஹெடர்ல ஓடும்" என்றார் கடைக்காரர். பில்லிலும் '6 போர்ட் ஃபேன் ஹப், ரூ. 850' என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார். சரி என்று வாங்கி வந்துவிட்டோம்.

முதல் ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று அட்டையில் போட்ட ஃபேனுக்கு பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) 3,700 என்று காட்டியது, அடுத்த நொடி 900 என்றது. கடைக்குப் போன் செய்து கேட்டேன். "ரீடிங் அப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்க" என்றார். அன்றே திறந்து பார்த்திருந்தால் போர்டு கருகியிருக்காது.

மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். மறுநாள் காலை தங்கை ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடி வந்து எழுப்பினாள். அறையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. ப்ராசஸர் ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது, கேபினெட் ஃபேன் ஆறும் அப்படியே நின்றிருந்தன. சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே ஹப்பே இல்லை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஒய் கேபிள், அதன் இரண்டு முனையிலும் ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்று. எல்லாவற்றையும் சுருட்டி, கேபிள் டை போட்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களுக்குப் பின்னால் திணித்து வைத்திருந்தார்கள். ஹெடரில் செருகியிருந்த வெள்ளை பிளக்கில் இரண்டாவது துளை பழுப்பேறியிருந்தது. 12 வோல்ட் வருகிற பின் அதுதான். ஹெடருக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு கறுப்புச் சிப். அதன் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிப் போர்டு கருகியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், இன்னும் சுட்டது.

ஒரு ஃபேனைத் திருப்பி நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 12 வோல்ட், 0.30 ஆம்பியர். ஆறுக்கும் சேர்த்து 1.8 ஆம்பியர். மதர்போர்டு கையேட்டில் அந்த ஹெடருக்குப் போட்டிருந்த உச்ச வரம்பு 1 ஆம்பியர், 12 வாட். பெரும்பாலான போர்டுகளில் கேபினெட் ஃபேன் ஹெடருக்கு இதே அளவுதான். போதாததற்கு, நின்றிருக்கும் ஃபேன் சுழலத் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிட அதிகமாக இழுக்கும். ஆறும் ஒன்றாகத் தொடங்குகின்றன. மார்ச்சில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றால், அப்போது ஃபேன்கள் பாதி வேகத்தில்தான் ஓடின. மே மாத வெயிலில், விடிய விடிய ரெண்டரிங்கில், எல்லாம் முழு வேகத்துக்குப் போனபோது சிப் தாங்கவில்லை.

ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தைக் கூட்டித் தராது, ஹெடர் தருவதைப் பங்கு போடும், அவ்வளவுதான். ஹப் என்றால் அதிலிருந்து, ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கிற வகையான, ஒரு சாட்டா பவர் கேபிள் நேராக எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போக வேண்டும். ஃபேன்களுக்கான 12 வோல்ட் அந்த வழியாக வரும். மதர்போர்டு ஹெடர் வழியாகப் போய்வருவது வேகத்தைச் சொல்லும் பிடபிள்யூஎம் சிக்னலும், ஒரே ஒரு ஃபேனின் சுற்றுக் கணக்கும் மட்டும். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர் தாங்கும். எங்கள் ஆறு ஃபேன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பயாஸில் எண் தாவியதற்கும் காரணம் இங்கேதான் இருந்தது. ஒழுங்கான ஸ்ப்ளிட்டரில் ஒரு கிளைக்கு மட்டும் நான்கு பின் இருக்கும், மற்றவற்றில் சுற்றுக் கணக்கைச் சொல்லும் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டிருப்பார்கள். எங்களுடையதில் எல்லாக் கிளையிலும் நான்கும் இருந்தன, ஆறு ஃபேனின் சுற்றுக் கணக்கும் ஒரே ஒயரில் கலந்து போய்க்கொண்டிருந்தது.

ஸ்ப்ளிட்டரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை ஃபேன் என்பதைவிட எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நாக்டுவா கம்பெனியின் என்எஃப்-எஃப்12 ஃபேன் ஒன்று 0.05 ஆம்பியர்தான் இழுக்கும். அதில் ஆறைப் போட்டாலும் 0.3 தான் வருகிறது. அதே 120 மில்லிமீட்டரில் சர்வருக்குச் செய்த தடிமனான ஃபேன்கள் சில, ஒன்றே 1 ஆம்பியரைத் தாண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைக் கூட்டி, 0.8 ஆம்பியரைத் தாண்டினால் இனி நான் ஹப்தான் போடுவேன்.

காலையில் கடைக்குப் போன் செய்தேன். "ஹப்னா என்ன அண்ணா, ஒண்ணுல இருந்து ஆறு போகுதுல்ல, அதுதான் ஹப்" என்றார். அதில் பவர் கேபிளே இல்லையே என்றதும், "நீங்க திறந்ததால வாரண்டி போச்சு" என்று பேச்சை மாற்றினார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். தெரியாமல் செய்தார் என்றால் மன்னித்துவிடலாம். 850 ரூபாய்க்கு ஒரு பொருளை பில்லில் எழுதிவிட்டு, அந்த விலை பெறாத ஒயரை உள்ளே வைத்தது தெரியாமல் செய்த வேலை இல்லை. போர்டை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கருகிய தடம் இருந்தால் வாரண்டியில் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தங்கை அன்று தோழியின் லேப்டாப்பில் குறைந்த ரெசல்யூஷனில் ரெண்டர் எடுத்துச் சமர்ப்பித்தாள். மூன்று மாத உழைப்பு அப்படிப் போனது.

அப்புறம் நானே சாட்டா பவர் உள்ள ஹப் ஒன்றை வாங்கி, சிக்னல் ஒயரை அதே போர்டில் கருகாமல் மிச்சமிருந்த ஹெடரில் செருகினேன். இப்போது ஆறும் ஒழுங்காக ஓடுகின்றன, பயாஸில் 1,150 பக்கம் அசையாமல் நிற்கிறது. ஹப் வாங்குபவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா கேபிளையே நேராகச் செருகுங்கள். பழைய வகை நான்கு பின் பவர் இணைப்பான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற, முனை பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவு கன்வெர்ட்டர்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு.

கடையிலேயே எடுப்பதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் பின்தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹப்பைக் கையால் தொட்டு, அதன் பவர் கேபிள் எங்கே போகிறது என்று கேளுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அன்று எடுத்த படம் இல்லாததால்தான் "ஒயரை நீங்களே மாத்தியிருப்பீங்க" என்று அவரால் சொல்ல முடிந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். பில், கருகிய பிளக்கின் படம், சர்வீஸ் சென்டர் கடிதம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது, ஹப்புக்கான 850 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். போர்டுக்கான பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.