40 ஹெச்பி இன்ஜினில் பெட்ரோல் மீட்டர்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் படகு 5 மீட்டர் நீளம். மேற்கூரை கிடையாது. பின்னால் வெளிப்பக்கம் மாட்டுகிற ஒரு 40 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், பழைய கார்பரேட்டர் வகை. நானும் அப்பாவும்தான் மீன்பிடிக்கப் போவோம். பெட்ரோல் கணக்கு எப்போதும் அப்பாவின் பொறுப்பு. 25 லிட்டர் டேங்குக்குள் விட்டுப் பார்க்க ஒரு மரக்குச்சி வைத்திருக்கிறார், 5 லிட்டருக்கு ஒரு கீறல். கரையில் டேங்கு அசையாமல் இருக்கும்போது அந்தக் குச்சியை நம்பலாம். கடலில் படகு ஆடும்போது அதே குச்சி ஒரு தடவை 10 காட்டும், உடனே மறுபடி விட்டுப் பார்த்தால் 14 காட்டும்.

மீட்டர் வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். அன்று 12 கடல் மைல் தள்ளிப் போய், நாலு மணி நேரம் தூண்டிலைப் பின்னால் விட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு சுற்றினோம். திரும்பும்போது எதிர்காற்று. "மெதுவாவே போப்பா, பெட்ரோல் மிச்சமாகும்" என்றார் அப்பா. போகும்போதும் அப்படித்தான் போயிருந்தோம். நானும் த்ராட்டிலைப் பாதியில் வைத்து, 8 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), படகின் முன்பக்கம் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தண்ணீரில் அமுங்க வந்துகொண்டிருந்தேன். கரைக்கு 3 மைல் இருக்கும்போது இன்ஜின் இருமி நின்றது. டேங்கு காலி. கூடவே 10 லிட்டர் கேன் ஒன்று இருந்ததால் பிழைத்தோம். ஆனால் ஆடும் படகில் நின்றுகொண்டு பெட்ரோல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. கையெல்லாம் பெட்ரோல், படகின் அடியில் பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தங்கிவிடும். அது கலைகிற வரைக்கும் சாவியைத் தொடாமல் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரம் இந்த ஃப்யூயல் ஃப்ளோ மீட்டரை வாங்கினேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் மாட்டுகிற ஒரு சின்ன சென்சார், ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கிற உள்ளங்கை அளவு திரை, நடுவில் ஒரு வயர், அவ்வளவுதான். சென்சாருக்குள் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. பெட்ரோல் ஓடும்போது அது சுற்றும், எத்தனை சுற்று என்று எண்ணி லிட்டராக மாற்றிக் காட்டும். ஜிபிஎஸ் வயரையும் இணைத்தால் ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்றும் சொல்லும். வாங்குகிறவர்கள் இந்த ஜிபிஎஸ் இணைப்பை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. டேங்கு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், சென்சார், கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுகிற ரப்பர் பல்ப், இன்ஜின் என்ற வரிசையில் வர வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் தூசி போய் அந்தக் குட்டிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். நான் முதலில் இடம் வசதியாக இருக்கிறதே என்று பல்புக்கு அப்பால், இன்ஜினை ஒட்டி மாட்டினேன். ஐட்லிங்கில் எண் தாறுமாறாகக் குதித்தது. கார்பரேட்டர் இன்ஜினின் பம்ப் பெட்ரோலை ஒரே சீராக இழுக்காது, துடித்துத் துடித்து இழுக்கும். அந்தத் துடிப்பில் சக்கரம் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. பல்புக்கு முன்னால், டேங்குப் பக்கமாக மாற்றியதும் அடங்கிவிட்டது. இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத கிளாம்ப் போட்டு, பல்பைக் கெட்டியாகும் வரை அமுக்கி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் கிளம்பக் கூடாது.

பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும் வருகிற எண்ணை நம்பாதீர்கள். முதல் பயணத்தில் திரை 21.4 லிட்டர் என்றது. திரும்பி வந்து டேங்கைப் பழைய குறி வரைக்கும் அளவுக் கேனால் நிரப்பினால் 23 லிட்டர் பிடித்தது. ஏழு சதவீதம் குறைவாகக் காட்டியிருக்கிறது. அதைத் திருத்துவதற்கு மெனுவில் இடம் இருக்கிறது. திருத்திய பிறகு அடுத்த பயணத்தில் திரை 19.2, கேன் 19. மூன்றாவது தடவையும் அதே மாதிரி நெருக்கமாக வந்தது. இந்த மூன்று பயணத்தைப் பொறுமையாகச் செய்யாதவர்களுக்கு மீட்டர் ஒரு அலங்காரப் பொருள்தான்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அமைதியான ஒரு காலையில், இரண்டு பேர், அரை டேங்கு பெட்ரோல், ஒவ்வொரு வேகத்திலும் போகும்போது ஒரு தடவை, அதே பாதையில் திரும்பும்போது ஒரு தடவை பார்த்து சராசரி எடுத்தேன். நீரோட்டம் இருந்தால் ஜிபிஎஸ் காட்டும் வேகம் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்தே ஆக வேண்டும்.

1800 ஆர்பிஎம்மில் 5 நாட் வேகம், மணிக்கு 2.6 லிட்டர். மைலுக்கு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. 3800-இல் 15 நாட், மணிக்கு 7.8 லிட்டர். மைல் கணக்கில் பார்த்தால் அதே 0.52 தான்! மூன்று மடங்கு வேகம், மைலுக்கு அதே பெட்ரோல். த்ராட்டிலை முழுசாகத் திறந்து 5600-க்குப் போனால் 24 நாட், மணிக்கு 14.9 லிட்டர், மைலுக்கு 0.62. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.38 லிட்டர் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி 40 ஹெச்பிக்கு 15 லிட்டர் வர வேண்டும். என் மீட்டர் கிட்டத்தட்ட அதையே காட்டியதும் அதன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம்தான் அந்த 8 நாட் வேகத்தை வைத்துப் பார்த்தேன். 2800 ஆர்பிஎம், மணிக்கு 6.6 லிட்டர். மணிக் கணக்கில் பார்த்தால் 7.8-ஐ விடக் குறைவு, சிக்கனமாகப் போகிற மாதிரி இருக்கும். மைலுக்கு வகுத்தால் 0.82. முழு த்ராட்டிலில் பறப்பதைவிட மோசம்! பெட்ரோல் மிச்சமாகும் என்று நாங்கள் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த வேகம்தான் எங்கள் படகு அதிகமாகக் குடிக்கிற வேகம்.

இதற்குக் காரணம் எளிதானது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை இருக்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும். எங்கள் படகு தண்ணீரைத் தொடுவது 4.5 மீட்டர், எல்லை 5 நாட்டைச் சற்றே தாண்டுகிறது. அதற்கு மேல் போனால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் மலை ஏறுகிற மாதிரி ஏற வேண்டியிருக்கிறது. அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஏறி ஓட ஆரம்பிக்கும், தண்ணீரின் தடை குறையும். 8 நாட்டில் நாங்கள் அந்த மேட்டின் நடுவிலேயே நின்று இன்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்டினேன். முதலில் மணிக்கு எத்தனை என்ற திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், "வேகமா போனா கூடத்தானே குடிக்குது" என்றார். மைலுக்கு எத்தனை என்ற திரைக்கு மாற்றி, 8-லிருந்து 15-க்கு ஏற்றினேன். எண் 0.8-லிருந்து 0.5-க்கு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மறுபடி ஒரு தடவை செய்" என்றார். நாலு தடவை செய்தேன். அன்றிலிருந்து பாதி த்ராட்டில் எங்கள் படகில் இல்லை. 5 நாட்டில் போவோம், இல்லையென்றால் மேலே ஏற்றி 15-இல் போவோம். அலை பெரிதாக இருந்து 15-இல் போக முடியாத நாளில் 5-க்கு இறங்கிவிடுவோம், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அந்த மோசமான நாளை இப்போது கணக்குப் போட்டால் எல்லாம் விளங்குகிறது. போக வர 24 மைல், 0.82 வீதம் கிட்டத்தட்ட 20 லிட்டர். தூண்டில் இழுத்தது நாலு மணி நேரம், 5 லிட்டர். 25 லிட்டர் அங்கேயே தீர்ந்தது, எதிர்காற்று வேறு. அதே பயணத்தை 15 நாட்டில் செய்தால் போக்குவரத்துக்கு பன்னிரண்டரை லிட்டர் போதும். மீன்பிடிப்பதில் பெட்ரோல் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால், மீன்பிடிக்கும் நேரத்தில் போவது கொஞ்சம், இடத்துக்குப் போய்த் திரும்புவதில்தான் பெரும்பங்கு என்று இப்போது எண்ணோடு சொல்ல முடிகிறது.

மீட்டரின் பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தூண்டில் இழுக்கும்போது, இரண்டரை நாட் வேகத்தில், பெட்ரோல் ஓட்டம் மிகவும் குறைவு. சக்கரம் சரியாகச் சுற்றாமல் பெட்ரோல் அதன் ஓரமாக நழுவிவிடுகிறது. ஒரு நாள் இதற்காகவே நாலு மணி நேரம் இழுவை மட்டும் ஓட்டி, பிறகு கேனால் அளந்தேன். திரை சொன்னது 3.9 லிட்டர், உண்மையில் போனது 4.8. மணிக்கு 2 லிட்டருக்குக் கீழே துல்லியம் கிடையாது என்று கூடவே வந்த தாளில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். தூண்டில் இழுப்பவர்களுக்கு நாளின் பெரும்பகுதி அந்த ஓட்டத்தில்தான் கழிகிறது. நாங்கள் இழுவை நேரத்துக்குத் திரையை விட்டுவிட்டு, மணிக்கு 1.2 லிட்டர் என்று கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம்.

திரை வெயிலில் நன்றாகத் தெரிகிறது. போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கோணத்தில் பார்த்தால் கறுப்பாகிவிடுகிறது, கொஞ்சம் சாய்த்து மாட்டினால் சரி. உப்புத் தண்ணீர் தெறித்து ஒரு வருஷமாகியும் உள்ளே ஈரம் ஏறவில்லை. பொத்தான்கள் மட்டும் ஈரக் கையால் அழுத்தினால் முரண்டு பிடிக்கின்றன.

நான் எதிர்பார்க்காத ஒரு பயனும் கிடைத்தது. படகு இரண்டு மாதம் தண்ணீரிலேயே கிடந்த பிறகு, அதே 7.8 லிட்டருக்கு வேகம் 15-லிருந்து 13.4-க்கு இறங்கியிருந்தது. இன்ஜினில் ஏதோ கோளாறு என்று பயந்தேன். அடியில் பார்த்தால் கை வைத்தால் வழுக்குகிற பாசி, ப்ரொப்பல்லர் ஓரத்தில் சிப்பிகள். சுரண்டிக் கழுவியதும் 15 திரும்ப வந்தது. டேங்கைப் பின்னாலிருந்து நடுவுக்கு நகர்த்தியதையும் மீட்டர்தான் சரி என்று காட்டியது. 25 லிட்டர் பெட்ரோல் 18 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனம் பின்னாலிருந்து போனதும் படகு சீக்கிரம் மேலே ஏறுகிறது, மேட்டில் திணறும் நேரம் குறைகிறது. ட்ரிம்மையும், அதாவது இன்ஜினின் சாய்வையும், இப்போது எண்ணைப் பார்த்துத்தான் வைக்கிறேன். மேலே ஏறிய பிறகு இன்ஜினை மெதுவாக வெளியே சாய்த்துக்கொண்டே வந்தால் மைல் கணக்கு குறைந்துகொண்டே வரும், ஒரு இடத்தில் ப்ரொப்பல்லர் பிடி நழுவித் திரும்ப ஏறும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்வேன்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. யமஹா, சுசுகி, ஹோண்டா, மெர்க்குரி என்று எதுவானாலும், கம்ப்யூட்டர் வைத்த புதிய இன்ஜெக்‌ஷன் மாடல்கள் பலவற்றில் இன்ஜினே தன் பெட்ரோல் கணக்கைச் சொல்லிவிடும். படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிற என்எம்இஏ 2000 கேபிள் வழியாகப் பொருத்தமான திரைக்குக் கொண்டுவந்தால் போதும், குழாயை வெட்ட வேண்டாம். டீசல் இன்ஜின்காரர்கள் இந்த ஒற்றைச் சென்சார் மாடலை வாங்கவே கூடாது. டீசல் இன்ஜினுக்குப் போகிற எண்ணெயில் ஒரு பகுதி டேங்குக்கே திரும்பி வந்துவிடும். போவதை ஒரு சென்சாரும் வருவதை இன்னொன்றும் அளந்து கழித்தால்தான் உண்மைக் கணக்கு கிடைக்கும். எங்களைப் போலப் பழைய கார்பரேட்டர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு, அது டூ ஸ்ட்ரோக்காக இருந்தாலும், தாராளமாக வாங்கச் சொல்வேன். கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. அவர்களுக்கு மைல் கணக்கு இன்னும் அவசியம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மீட்டருக்குத் தன் வழியாக ஓடியது மட்டும்தான் தெரியும், டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நிரப்பிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால் தப்பான மிச்சத்தைக் காட்டும். ஒரு முறை அப்படி மறந்தேன், அப்பாவின் குச்சிதான் கண்டுபிடித்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன், கரையில் டேங்கு அசையாமல் இருக்கும்போது, அவர் குச்சியை விட்டு ஒரு எண் சொல்வார், நான் திரையைப் பார்த்து ஒரு எண் சொல்வேன். இரண்டும் ஒரு லிட்டருக்குள் ஒத்துப்போனால், மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்று பிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்ப்போம்.