கையடக்கக் கருவியா, ஒட்டிவைக்கும் சென்சாரா?

எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் பவர் ஹவுஸுக்கு அதிர்வு பார்க்கும் கருவி வாங்கலாம் என்று முடிவானதும் இரண்டு விலைப்பட்டியல்கள் மேசைக்கு வந்தன. ஒன்று, பேரிங் பேரிங்காகக் கொண்டுபோய்க் காந்தத்தால் பிடிக்கவைத்து அளக்கும் இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு அளவு எடுக்கும்) கையடக்கக் கருவி. மற்றொன்று, பேரிங் உறையிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடும் வயர்லெஸ் சென்சார்கள். அளவுகள் கைப்பேசிக்கே வந்துசேரும். நாங்கள் முதலாவதை வாங்கினோம். இன்று யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது வழி எல்லா ஆலையிலும் உண்டு: திருப்புளியின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது. எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் இதில் கெட்டிக்காரர். "தம்பி, இது பேரிங் இல்லை, வேறு எங்கோ பார்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் போன மாதம் சத்தம் எப்படி இருந்தது என்பதற்கு அவரிடம் பதிவேடு கிடையாது.

சென்சாரின் நன்மைகள் தெரிந்தவைதான். ஆள் நடக்க வேண்டாம், இரவிலும் பார்க்கும், காவல் கூண்டுக்குள் கை நுழையாத இடத்திலும் உட்கார்ந்திருக்கும். பழம் குவியும் மாதங்களில் ஆலை ஓயாமல் ஓடும்போது இது சின்ன விஷயமல்ல. கையடக்கக் கருவியோ, யாராவது எடுத்துக்கொண்டு போனால்தான் பேசும்.

பவர் ஹவுஸில் இருக்கும் டர்பைனை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். வழவழப்பான சறுக்கு பேரிங்கில், எண்ணெய்ப் படலத்தின் மேல் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) மிதக்கிறது. உள்ளே அது ஆடும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் உறைக்கு வரும். எண்ணெய்ச் சுழல் என்ற கோளாறு சுழற்சி வேகத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான அதிர்வெண்ணில் திடீரென்று எழும். அதற்கு ஷாஃப்டையே நேரடியாகப் பார்க்கும் நிரந்தர ஆய்வுமுனையும் தானாக நிறுத்தும் அமைப்பும் வேண்டும். மாதம் ஒருமுறை எடுக்கும் அளவும் உதவாது, மணிக்கொருமுறை விழிக்கும் பேட்டரி சென்சாரும் உதவாது.

எங்கள் உண்மையான தலைவலி, பாயிலர் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன்தான். பாயிலரில் எரிவது செம்பனைப் பழத்தின் நாரும் கொட்டை ஓடும். அந்தச் சாம்பல் ஃபேன் இறக்கைகளில் ஒரே சீராகப் படிவதில்லை. படிந்த சாம்பலும் ஒரே நேரத்தில் உதிர்வதில்லை. போதாததற்கு இறக்கையை அரித்தும் விடுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,480 சுற்று, அதாவது வினாடிக்கு 25. அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் 25 ஹெர்ட்ஸ் அருகே ஒரே ஒரு கோடு உயர்ந்து நின்றால், சென்சாரின் செயலி உடனே "சமநிலை இல்லை" என்று சிவப்பு காட்டும். ஆனால் ஷாஃப்ட் வளைந்திருந்தாலும், பீடத்தின் போல்ட் தளர்ந்திருந்தாலும், பீடமே அந்த வேகத்தோடு சேர்ந்து ஒத்ததிர்ந்தாலும் அதே இடத்தில் கோடு உயரலாம். மோட்டாரையும் ஃபேனையும் இணைக்கும் கப்ளிங் நேர்கோட்டிலிருந்து விலகினால் அது இரு மடங்கு அதிர்வெண்ணில் தலைகாட்டும் என்பார்கள். சில வேளை அதுவும் இங்கேயே நிற்கும்.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஃபேஸ். அதிர்வின் உச்சம் ஷாஃப்டின் எந்தக் கோணத்தில் வருகிறது என்ற கணக்கு அது. ஒரே பேரிங்கில் கிடைமட்ட அளவும் செங்குத்து அளவும் ஏறக்குறைய 90 பாகை விலகினால் சமநிலைக் குறை என்று நம்பலாம். 0 அல்லது 180 என்றால் தளர்வையோ ஒத்ததிர்வையோ தேடுங்கள். கப்ளிங்கின் இரு பக்கமும் அச்சுவாக்கில் 180 பாகை எதிரெதிராக ஆடினால் கப்ளிங்கைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் இருந்த சென்சார்கள் ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி விழித்து, அளந்து, தூங்கிவிடும். இரண்டு இடங்களை ஒரே கணத்தில் ஒப்பிட வழியில்லை. அதனால் ஃபேஸும் இல்லை.

நோயைச் சொன்ன கருவியே மருந்தும் தருகிறது. ஷாஃப்டில் ஒளி திருப்பும் பட்டை ஒன்றை ஒட்டி, லேசர் சுழற்சிமானியை அதன்மீது பிடித்து, அளவையும் ஃபேஸையும் குறித்துக்கொள்கிறோம். ஃபேனை நிறுத்தி, தெரிந்த எடையுள்ள இரும்புத் துண்டு ஒன்றை இறக்கையில் பொருத்தி, மறுபடி ஓட்டுகிறோம். அளவும் கோணமும் எப்படி மாறின என்பதிலிருந்து எத்தனை கிராம், எந்தக் கோணத்தில் வெல்டிங் செய்வது என்று கருவி சொல்லிவிடும். ஃபேனைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பும் வேலையே இல்லை. ஆனால் முதலில் சாம்பலைச் சுரண்டுங்கள்; அழுக்கோடு சமன் செய்தால் அது உதிரும் நாளில் கணக்கும் உதிரும்.

இயந்திர அதிர்வுக்கான ஐ.எஸ்.ஓ. 20816-3 தரத்தில், உறுதியான பீடத்தில் இருக்கும் 15 முதல் 300 கிலோவாட் வரையான இயந்திரத்துக்கு அதிர்வின் வேகம் வினாடிக்கு 4.5 மி.மீ. தாண்டினால் ஆபத்து மண்டலம். பீடம் உறுதியா என்பதே எங்கள் ஊரில் கேள்வி. மலேசியாவின் தெலுக் இந்தானில் மண் இளகியது. 1885இல் கட்டிய கடிகாரக் கோபுரம் சாய்ந்து நிற்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் பீடம் அந்த அளவு சாய வேண்டாம், ஒரு மயிரிழை இறங்கினாலே கப்ளிங் கெட்டுவிடும். அதனால்தான் ஃபேஸ் இல்லாத கருவிக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பராமரிப்புச் செலவிலும் கையடக்கமே எனக்குத் தோது. சென்சாருக்கு பேட்டரி, இரும்புச் சுவர்களைத் தாண்டாத சிக்னல், ஃபேன் பக்கத்துச் சூடு, பெரும்பாலும் ஆண்டுச் சந்தா. கையடக்கத்துக்குக் காலமுறைச் சரிபார்ப்பும் பழகிய ஓர் ஆளும் போதும். அந்த ஆள் வேலை மாறிப் போனால் என்ன என்பீர்கள், நியாயமான பயம்தான். அளக்கும் புள்ளிகளில் பெயின்டால் குறியிட்டு வைத்தால் புதியவர் அதே இடத்தில், அதே திசையில் எடுப்பார்.

பழத்தைப் பிசையும் டைஜெஸ்டர், எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ் போன்ற மெதுவாகச் சுற்றுபவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் அதிர்வின் வேக அளவைப் பார்த்து அதிகம் பயனில்லை என்பதுவரை தெரியும். மசகு எண்ணெய் மாதிரியைச் சோதிப்பதை நம்புகிறவர்களின் பேச்சை அங்கே கேட்பேன்.

கையடக்கம் வாங்குவதாக இருந்தால் மாற்றுக் கேபிள் ஒன்றையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். முதலில் அறுவது சென்சார் முனையில் இருக்கும் அந்தக் கேபிள்தான்.