விறகு பிளக்கும் இயந்திரத்துக்கு எந்த ஹைட்ராலிக் பம்ப்?

சொந்தமாக விறகு பிளக்கும் இயந்திரம் செய்ய முற்படுவோர் பலர், பம்பின் மேல் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பிளக்கும் விசை, அழுத்தத்தையும், பம்ப் அனுப்பும் ஆயிலால் நீண்டு ஆப்பைத் தள்ளும் சிலிண்டரின் குறுக்குப் பரப்பையும் பொறுத்தது. ஆப்பு நகரும் வேகமோ, பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த லிட்டரை, அழுத்தத்தை அளக்கும் அலகான பார் கணக்கால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். பம்புக்குள் ஏற்படும் இழப்புக்கு அதில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

100 மில்லிமீட்டர் உள்விட்டமும் 600 மில்லிமீட்டர் நகர்வும் உள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 200 பாரில் அது ஏறத்தாழ 16 டன் விசை தரும். முழுதாக நீள 4.7 லிட்டர் ஆயில் வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் ஒற்றை நிலை கியர் பம்பை (ஒரே ஒரு பற்சக்கர இணை சுழன்று ஆயிலைத் தள்ளும் வகை) இதில் பூட்டினால், சிறிய எஞ்சினே போதும் என்றாலும், ஆப்பு ஒருமுறை முன்னே செல்ல 24 விநாடி ஆகும். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அசாத்தியப் பொறுமை வேண்டும். 42 லிட்டர் பம்ப் அதையே 7 விநாடியில் முடிக்கும். ஆனால் முழு அழுத்தத்தில் 20 குதிரைத்திறனுக்கு மேல் கேட்கும்.

இரண்டு நிலை கியர் பம்ப் இந்தச் சிக்கலை நேராக அவிழ்க்கிறது. அதனுள் இருக்கும் இரு கியர் இணைகளும் சேர்ந்து முதலில் 42 லிட்டர் தள்ளும். ஆப்பு கட்டையில் பதிந்து அழுத்தம் 45 பாரை ஒட்டி ஏறியதும், உள்ளே ஒரு வால்வு திறந்து பெரிய இணையின் ஆயிலைச் சுமையின்றி உறிஞ்சும் பக்கத்துக்கே திருப்பிவிட, சிறிய இணை மட்டும் 11 லிட்டரை 200 பார் வரை தள்ளும். கட்டை விரிசல் விட்டதும் அழுத்தம் சரிந்து பழைய வேகம் தானே திரும்பிவிடும். கணு இல்லாத கட்டைகள் பல, முதல் நிலையின் மூன்றரை டன்னிலேயே பிளந்துவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் 6.5 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் போதும் என்பதால், நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். ஒற்றை நிலை பம்பை, பெரிய எஞ்சினோ டிராக்டரோ ஏற்கெனவே கைவசம் இருப்பவர்கள் மட்டும் கருதலாம்.

பழைய காரின் பவர் ஸ்டீயரிங் பம்ப் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் அழுத்தம் பொதுவாக 100 பாரை ஒட்டியே நிற்பதால், விசை பாதியாகிவிடும். ஆயில் வரத்தும் குறைவு. பிஸ்டன் பம்ப் திறன் மிக்கதுதான் என்றாலும், விலையையும் ஆயிலில் அது எதிர்பார்க்கும் தூய்மையையும் நினைத்தால் இந்த வேலைக்கு அது மிகை.

மின்மோட்டார் பூட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 42 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கான கணக்கு, 1440 சுற்று மோட்டாரில் அது 17 லிட்டராகக் குறையும். எதனால் ஓட்டினாலும் பம்பை பெல்ட் போட்டு இழுக்காமல், எஞ்சின் தண்டுக்கு நேர்கோட்டில் வைத்து, வளைந்துகொடுக்கும் கப்ளிங்கால் இணைப்பதே நல்லது. பெரும்பாலான கியர் பம்புகளின் பேரிங்குகள் பக்கவாட்டு இழுவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.