18,500 ரூபாய்க்குச் செல்லாத உயில்: சிறு குழந்தைகள் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வக்கீல் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்த உயில் வெறும் தாள். பெயரை இங்கே எழுதவில்லை. 'வீட்டிலிருந்தே அரை மணி நேரத்தில் உயில்' என்று கைப்பேசியில் விளம்பரம் வருகிறதே, அந்த வகை. நடந்ததைச் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்காக உயில் எழுதுபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு மூன்று. ஆடி மாதம் என் கணவருடன் வேலை பார்த்தவர் பைக் விபத்தில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. உயில் கிடையாது. அவர் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைந்தார். இரண்டு முறை நானும் கூடப் போனேன். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்ற தாயே விற்க முடியாதாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

காணொளி அழைப்பில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா" என்றுதான் அழைத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்து மடியில் ஏறிக்கொண்டாள். உடனே அந்தப் பெண், "குட்டி, உன் பேர் என்ன?" என்று கேட்டாள். குழந்தை சொன்னதும், "இந்தச் செல்லத்துக்காகத்தானே அக்கா இதெல்லாம். உங்களுக்கு ஒன்று ஆனாலும் இவள் யார் கையிலும் போய் நிற்கக் கூடாது" என்றாள். நான் அழுதுவிட்டேன். என் மனசுக்குள் இருந்ததை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு உயிலுக்கு 15,000, குழந்தைகளுக்குக் காப்பாளர் நியமிக்கும் பகுதிக்குத் தனியாக 3,500. அழைப்பு முடிவதற்குள் 18,500 ரூபாயும் கட்டியாகிவிட்டது.

நான்காம் நாள் பிடிஎஃப் வந்தது. ஆதார் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் கையெழுத்து ஆகிவிடும் என்றார்கள். சாட்சிகளை அவர்களே ஏற்பாடு செய்துவிட்டார்களாம். முன்பின் தெரியாத இரண்டு பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. படிக்காமலா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். முதல் மூன்று பக்கம் படித்தேன். எங்கள் பெயர், முகவரி, சர்வே எண் எல்லாம் சரியாக இருந்தன. நம்பிவிட்டேன்.

பதிவு செய்து வைத்துவிடலாமே என்று இன்று என் அப்பாவின் நண்பரான வக்கீல் மாமாவிடம் எடுத்துப் போனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர் நான்காம் பக்கத்தில் நிறுத்தினார். "ஏம்மா, இது யார்?" என்றார். 'மேற்படி எங்கள் மைனர் மகள்' என்ற இடத்தில் வேறொரு குழந்தையின் பெயர். வேறொரு பிறந்த தேதி. யாருக்கோ எழுதியதை எடுத்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் குழந்தையின் பெயர் இப்போது யாருடைய உயிலில் இருக்கிறதோ!

அதைத் திருத்தினாலும் பயன் இல்லை என்றார் மாமா. ஓடிபி போன்ற மின்னணுக் கையெழுத்துகளைச் செல்லவைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்குப் போடலாம், உயிலுக்கு ஓடிபி கையெழுத்து செல்லாது. பேனாவால் தாளில் போட வேண்டும். இரண்டு சாட்சிகள் நாம் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று நாமே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்களும் நம் முன்னால் போட வேண்டும். 1925-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம் இது. உயில் எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா?

காப்பாளர் விஷயம்தான் வயிற்றை எரிக்கிறது. நாங்கள் இருவரும் இல்லாமல் போனால் குழந்தைகள் என் தங்கையிடம் வளர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னோம். கணவரின் உயிலில் மட்டும் அதை எழுதியிருக்கிறார்கள், அதுவும் அவர் மறைந்த அன்றே தங்கை காப்பாளர் ஆவதுபோல. இந்துக்களுக்கான 1956 சட்டப்படி தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனத்துக்கு வேலையே இல்லை. அதன்பின் தாய் தன் உயிலில் யாரையாவது எழுதியிருந்தால் அவர்தான், எழுதாமல் போனால்தான் தந்தையின் நியமனம் மீண்டும் செல்லும். அப்படியென்றால் என் உயிலிலும் அந்தப் பத்தி இருந்தால்தான் குழப்பம் இருக்காது. என் உயிலில் ஒரு வரிகூட இல்லை. 3,500 ரூபாய் அதற்கென்றே தனியாக வாங்கினார்கள்.

வெளியே வந்ததும் ஆட்டோவில் இருந்தே அழைத்தேன். அந்தப் பெண் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாளாம். அடுத்தவர் "மேலதிகாரி அழைப்பார்" என்றார், யாரும் அழைக்கவில்லை. மூன்றாவது ஆள், "ஆவணம் அனுப்பிய பிறகு பணம் திரும்பத் தர இயலாது மேடம்" என்றார். அதில் என் மகளின் பெயரே இல்லையே என்றேன். "பெயர் திருத்தத்துக்கு 999 ரூபாய் கட்டணம்" என்று பதில். கடைசியாகப் பேசியவர், "நாங்கள் சட்ட ஆலோசனை தருவதில்லை, படிவம் நிரப்பித் தரும் சேவை மட்டும்தான்" என்றார். குழந்தையைப் பார்த்துச் செல்லம் என்று கொஞ்சியபோது அது படிவம் நிரப்பும் சேவையா? 18,500 ரூபாய் எங்களுக்கு இரண்டு மாத மளிகையும் பையனின் ஒரு பருவப் பள்ளிக் கட்டணமும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அழைப்பு விவரம், பணம் கட்டிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

விரிவாக எழுத நினைத்தேன், சின்னவள் தூக்கத்துக்கு அழுகிறாள். அவசரமாகச் சில: உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. சாட்சிகள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக, உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும். கணவன் மனைவி இருவர் உயிலிலும் காப்பாளர் பெயர் இருக்க வேண்டும், அவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படியுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.

வக்கீல் மாமா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு ஆசிரியரும் அவர் மனைவியும் சாட்சிக்கு வருகிறார்கள். இதே மாதிரி ஏமாந்து பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். 18,500 ரூபாயை நான் விடப் போவதில்லை.