ஹவுரா பாலம்: நாள்தோறும் நடந்து கடந்தவரின் மதிப்பீடு

வேலையின் பொருட்டுக் கொல்கத்தாவில் தங்கியிருந்த மாதங்களில், ஹவுராப் பக்கமிருந்த அறையிலிருந்து டல்ஹவுசி சதுக்கத்தருகே இருந்த அலுவலகத்திற்கு ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் ஹவுரா பாலத்தின் வழியாகவே நாள்தோறும் போய்வந்தேன். அதைப் படம் பிடிப்பதற்குரிய சின்னமாகப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு போக்குவரத்து வசதியாக அது எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். பேருந்தில் செல்பவருக்கு அது சுமாரான வழி. நடப்பவருக்கோ அந்நகரத்தில் அதைவிட நல்ல வழி இல்லை.

1874இல் அமைக்கப்பட்ட பழைய மிதவைப் பாலம், கப்பல்கள் செல்வதற்காகத் திறக்கப்படும்போதெல்லாம் சாலைப் போக்குவரத்தை நிறுத்திவைத்தது. 1943 பிப்ரவரியில் பயன்பாட்டிற்கு வந்த இன்றைய பாலத்திற்கு அந்தக் குறை இல்லை. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், 1,500 அடி இடைவெளியை ஒரே தாவலில் கடக்கும் அதன் சட்டகம் முழுவதும் நட்டு, போல்ட்டு இன்றி ரிவெட் எனப்படும் தறையாணிகளை அடித்தே இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு அதில் இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு கணக்கு: வாகனங்களுக்கு 71 அடி அகலச் சாலை, அதன் இருபுறமும் நடப்பவர்களுக்குத் தலா 15 அடி. மொத்த அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கால்நடையாகச் செல்பவர்களுக்கென்று ஒதுக்கியவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

முதல் வாரம் பேருந்தில்தான் சென்றேன். காலை ஒன்பது மணிக்கு மேல், ஹவுரா நிலையத்திலிருந்து வெளியேறும் வாகனங்களெல்லாம் பாலத்தின் வாயிலில் நெருக்கியடித்து நிற்க, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், என்னுடன் நிலைய வாசலைக் கடந்த ஒரு முதியவர் கைப்பையுடன் எனக்கு முன்பே மறுகரையை நோக்கி மறைவதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து நானும் நடந்தேன். 705 மீட்டர் நீளத்தைக் கடக்கப் பத்து நிமிடங்கள் போதும்.

புறநகர் ரயில்களில் வந்திறங்கிப் கிழக்குக் கரையிலுள்ள படா பஜார் என்ற வணிகப் பகுதியின் கடைகளுக்குச் செல்வோரும், அதே கரையில் பாலத்தின் தென்புறமுள்ள மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து சாமந்திச் சரங்களைக் கூடைகூடையாகச் சுமந்து வருவோரும் அதே நடைபாதையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சுமைக்காரர்கள் குரல் கொடுத்துக்கொண்டே அரை ஓட்டமாக வருவார்கள். தலைச்சுமையோடு சட்டென்று நிற்க அவர்களால் முடியாது என்பதால், நாம்தான் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுங்க வேண்டும். ஒருமுறை ஒதுங்கத் தவறிய எனக்குத் தோளில் மூட்டை இடித்து இரண்டு நாள் வலித்தது.

வருத்தத்துடன் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. பாலத்தளத்தைத் தாங்கும் தொங்குகம்பிகளின் அடிப்பகுதியில் வெற்றிலை, குட்கா எச்சில் துப்பித் துப்பி, அங்கிருந்த உலோக உறைகள் அரித்துப்போனது 2011இல் செய்தியானது. பின்னர் அவற்றிற்கு கண்ணாடியிழை (ஃபைபர்கிளாஸ்) உறைகள் போடப்பட்டன. நான் நடந்த காலத்திலும் அந்த உறைகளின்மேல் புதிய செந்நிறக் கறைகளைப் பார்த்தேன். தம்மை நாள்தோறும் சுமக்கும் ஒன்றின்மீது துப்ப எப்படி மனம் வருகிறதோ!

டிராம் வண்டிகள் 1993இல் பாலத்தை விட்டு நீங்கிவிட்டன. அதே ஆற்றின்மேல் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது என்ற பாலம் வாகனச் சுமையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது, ஆனால் அங்கே சுங்கம் செலுத்த வேண்டும், இங்கே இல்லை. 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயில், நகரின் மையப் பகுதியான எஸ்பிளனேடு செல்வோருக்குப் பாலத்தைவிட விரைவானது. பெட்டிகளும் சிறு குழந்தைகளும் உடனிருந்தால், காலை நெரிசலில் நடைபாதையைத் தவிர்த்து அந்த ரயிலில் செல்லுங்கள். படா பஜாருக்குச் செல்வதானால் நடப்பதே நல்லது; ஏழு மணிக்குள் வந்தால் தென்புற நடைபாதையில் நின்று பூச்சந்தையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.