சாண்டா ஃபேயின் நுயேவோ மெக்சிகானோ அருங்காட்சியகம்: கைவேலையை நுணுக்கமாகப் பார்க்க ஏற்ற இடம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில், மியூசியம் ஹில் மேட்டில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். 1930-ல் ஜான் கா மீம் வடிவமைத்த வீடுதான் இதன் கட்டடம். 1925-ல் எழுத்தாளர் மேரி ஆஸ்டினும் ஓவியர் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் தொடங்கிய ஸ்பானிய காலனியக் கலைச் சங்கம் சேகரித்த பொருள்கள் 2002 முதல் இங்கே பார்வைக்கு இருக்கின்றன. ஸ்பானிய காலனியக் கலை அருங்காட்சியகம் என்ற பழைய பெயரில்தான் பலருக்கு இன்னும் தெரியும்.

அறைகள் சிறியவை, ஒன்றரை மணி நேரம் போதும். அதில் பாதியைப் புனிதர் உருவங்களுக்கே கொடுங்கள். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் நியூ மெக்சிகோ, மெக்சிகோ நகரிலிருந்து மாதக்கணக்கில் வண்டி வர வேண்டிய எல்லைப்புறம். தேவாலயத்துக்கு வேண்டியதை உள்ளூர்ப் பொருளிலேயே செய்துகொண்டார்கள். முழு உருவச் சிலையான புல்ட்டோவைப் பெரும்பாலும் காட்டன்வுட் மர வேரில் செதுக்கினார்கள். லேசானது, உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். பலகை ஓவியமான ரெட்டாப்லோவுக்குப் பைன் மரம். இரண்டிலும் முதலில் வஜ்ஜிரப் பசை கலந்த ஜிப்சம் பூச்சு, அதன் மேல் நீரில் கரைத்த நிறங்கள், கடைசியில் பின்யான் பைன் பிசினைச் சாராயத்தில் கரைத்த மெருகு.

இந்த அடுக்குகள் தெரிந்தால் சேதத்தின் காரணமும் புரியும். மரம் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும், பூச்சோ வளையாது. அதனால்தான் மெல்லிய வெடிப்புகள். மெருகு பழுத்து மஞ்சளாகும்போது நீலம் பச்சையாகத் தெரியும்.

பலகையின் விளிம்பையும், தெரிந்தால் பின்புறத்தையும் பாருங்கள். வாய்ச்சித் தழும்பு இருந்தால் பழைய முறை. ரம்பம் ஓடிய வரிகள் இருந்தால், 1846-ல் அமெரிக்கப் படை நுழைந்தபின் வந்த மர ஆலையில் அறுத்த பலகையாக இருக்கலாம். புனிதர் உருவங்கள் செய்த பெத்ரோ அந்தோனியோ ஃப்ரெஸ்கிஸ், ஹோசே ரஃபேல் அரகோன் ஆகியோரின் பெயர் அட்டை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அரகோனின் உறுதியான கோடும் முகங்களின் அமைதியும் இந்தக் கலையின் உச்சம் என்பது எங்கள் கருத்து.

தகர வேலையும் அதே 1846-க்குப் பிறகு பெருகியதுதான். படையோடும் வணிகர்களோடும் வந்த உணவு, மண்ணெண்ணெய் டப்பாக்களை வெட்டி, ஆணியால் புள்ளி தட்டிப் படச் சட்டங்கள் செய்தார்கள். சில சட்டங்களில் டப்பாவின் அச்செழுத்து இன்னும் தெரியும். கரும்பூச்சுச் சிலுவையில் கோதுமை வைக்கோலைப் பிளந்து ஒட்டும் வேலை ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1930-களில் எலிசியோ ரோத்ரிகெஸ் அதை மீட்டார். அதை நேராகப் பார்க்காதீர்கள், சற்றுச் சாய்ந்து பார்த்தால்தான் பொன்னாக மின்னும்.

போர்வைகளில் நடுத் தையலைத் தேடுங்கள். தறி குறுகலானதால் இரண்டு துண்டுகளைச் சேர்த்தார்கள்; கோடுகள் அங்கே எவ்வளவு துல்லியமாகச் சேர்கின்றன என்பதுதான் நெசவாளியின் தரம்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் குறைப்படாதீர்கள், இயற்கைச் சாயமும் கம்பளியும் அதற்கு மேல் தாங்காது. ஃபிளாஷ் வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் என்பதால் தண்ணீர் அவசியம். நேரம், கட்டணத்தைப் புறப்படும் முன் சரிபாருங்கள்.

முடிந்தால் ஜூலைக் கடைசியில், நகர மையச் சதுக்கத்தில் ஸ்பானிஷ் மார்க்கெட் நடக்கும் வாரயிறுதியில் போங்கள். 1926-ல் தொடங்கிய அந்தச் சந்தையில் செய்தவரிடமே வாங்கலாம். என்ன மரம், என்ன நிறம், என்ன மெருகு என்று மூன்றையும் கேளுங்கள். இயற்கை நிறம் என்றால் வீட்டில் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது; மெருகு விட்ட இடத்தில் நிறம் கரைந்துவிடும். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும், ஹீட்டருக்கும் ஏசிக்கும் எதிரே மாட்டாதீர்கள்.