கல்லூரிக் கால்பந்தின் ரீப்ளே ஆய்வு: ஐந்துக்கு மூன்று மதிப்பெண்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டத்தை, தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, வீடியோ மறுஆய்வு என்பது ஆட்டத்தோடு சேர்ந்தே வரும் ஒரு சேவை. வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2004-இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் (கான்ஃபரன்ஸ் என்பது தமக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சோதனை முறையில் தொடங்கி, 2006-இல் விதிப்புத்தகத்தில் நிலையான இடம்பெற்ற இந்த ஏற்பாட்டை, தீர்ப்புக்காகக் காத்திருக்கும் ரசிகரின் பக்கமிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். நடுவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆட்டநாளான சனிக்கிழமைதோறும் எழும் கூச்சலைச் சற்றுப் பொறுமையாகக் கேட்டால், அதில் பெரும்பகுதி தீர்ப்பின் மேலுள்ள கோபத்தைவிட, அதற்கான காரணத்தை யாரும் சொல்லவில்லையே என்ற எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடிப்படை அமைப்பைக் குறைசொல்ல அதிகமில்லை. மேலே தனி அறையில் அமர்ந்திருக்கும் ரீப்ளே அதிகாரி ஒவ்வொரு ஆட்டநகர்வையும் பார்க்கிறார். சந்தேகம் எழுந்தால் பயிற்சியாளர் கேட்கும்வரை காத்திராமல் தாமே ஆட்டத்தை நிறுத்துகிறார். கையில் டைம்அவுட் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் உரிமை) மிச்சமிருந்தால் பயிற்சியாளரும் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம், தோற்றால் அந்த டைம்அவுட் போய்விடும். எல்லைக்கோட்டில் கால் பட்டதா, பந்து கோல் கோட்டைத் தாண்டியதா, முழங்கால் தரையைத் தொடுமுன் பந்து நழுவியதா என்பன போன்ற கேள்விகளுக்கு, கேமரா சரியான இடத்தில் இருந்தால், விடை பெரும்பாலும் ஐயமின்றிக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் விடை திரையில் இருந்தும் தீர்ப்பு தவறியதுண்டு. 2006 செப்டம்பரில் ஓக்லஹோமாவுக்கு எதிராக ஓரிகன் அணி, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பந்தைத் தானே மீண்டும் பிடிக்கும் எண்ணத்தோடு குறுகிய உதை ஒன்றை உதைத்தது. அப்படி உதைக்கப்பட்ட பந்து பத்து யார்டு கடக்குமுன் உதைத்த அணியினர் முதலில் தொடக்கூடாது. ஓரிகன் வீரர் ஒருவர் தொட்டார். போதாக்குறைக்கு, பந்து ஓக்லஹோமா வீரரின் கையில் இருந்தது. ரீப்ளேவுக்குப் பிறகும் பந்து ஓரிகனுக்கே வழங்கப்பட்டு, அந்த அணி 34-33 என்று வென்றது. பேக்-10 கான்ஃபரன்ஸ் பின்னர் மன்னிப்புக் கோரி நடுவர்களை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. ஆட்ட முடிவு மாறவில்லை. 2015 அக்டோபர் 31-இல் டியூக் அணிக்கு எதிராக மயாமி வீரர்கள் எட்டு முறை பந்தைக் கைமாற்றி ஓடி 30-27 என்று வென்ற ஆட்டத்தில், ஒருவர் பந்தைக் கைமாற்றுமுன்பே அவருடைய முழங்கால் தரையில் பட்டிருந்தது, அத்தோடு அந்த நகர்வு முடிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீண்ட ஆய்விலும் அது பிடிபடவில்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன பார்த்தார்கள், எந்தக் கோணத்தை நம்பினார்கள் என்பது வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. வழக்கமான ஆய்வுகளை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2020-இல் வந்தது. எனினும் என்னைப் பொறுத்தவரை நேரம் இரண்டாம்பட்சக் குறைதான்.

சேவையின் எல்லை எதுவரை என்பதிலும் குழப்பம் உண்டு. பந்தைப் பிடிக்கவிடாமல் இடையூறு செய்ததான பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் குற்றச்சாட்டு மறுஆய்வுக்கு உட்பட்டதன்று. 2024 அக்டோபரில் டெக்ஸஸ்-ஜார்ஜியா ஆட்டத்தில் அத்தகைய தீர்ப்பு ஒன்று, டெக்ஸஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாட்டில்களை எறிந்து ஆட்டம் தடைபட்டதற்குப் பின், நடுவர்களின் கலந்தாலோசனையில் திரும்பப் பெறப்பட்டது. பெரிய திரையைப் பார்த்துத்தான் மனம் மாறினார்கள் என்று எதிரணி ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பாட்டில் வீச்சுக்காக டெக்ஸஸுக்கு அது அங்கம் வகிக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2,50,000 டாலர் அபராதம் விதித்தது.

தலையைக் குறிவைத்து மோதும் டார்கெட்டிங் குற்றத்தில் இச்சேவையின் வரலாறு விசித்திரமானது. 2013-இல் அதற்கு உடனடி வெளியேற்றம் விதிக்கப்பட்டபோது, ரீப்ளேயில் வீரர் குற்றமற்றவர் என்று தெரிந்து அவரைத் திரும்ப அழைத்தாலும் அவருடைய அணிக்கு விதித்த 15 யார்டு தண்டனை அப்படியே நின்றது! அடுத்த ஆண்டே அதைத் திருத்தினார்கள். 2025 புத்தாண்டு நாளில் பீச் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் அரிசோனா ஸ்டேட் வீரர் மீதான டெக்ஸஸ் வீரரின் மோதலை ஆய்வு செய்து குற்றமில்லை என்று அறிவித்தபோது, டார்கெட்டிங்குக்கான எந்த அடையாளம் இல்லாததால் அப்படி முடிவெடுத்தார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அதன்பின் நடந்த வாக்குவாதத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

அதனால்தான் 2025-இல் ஏசிசி கான்ஃபரன்ஸ் செய்த மாற்றத்தை இச்சேவையின் மிகப் பெரிய மேம்பாடாகக் கருதுகிறேன். மைதான நடுவருக்கும், ரீப்ளே அறைக்கும், சார்லட் நகரிலுள்ள கான்ஃபரன்ஸின் மைய அறைக்கும் இடையே நடக்கும் உரையாடலைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் கேட்க வைத்தார்கள். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல, கல்லூரிக் கால்பந்துக்கோ பெரிய பாய்ச்சல். எந்தக் கோணம் வேண்டும், படத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்வது காதில் விழும்போது, தீர்ப்பை ஏற்காதவர்கூட அது எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்கிறார்.

அதே ஆண்டு தேசிய விதிக்குழு எதிர்த்திசையில் நடந்தது. முன்பு, காட்சி தீர்ப்பை உறுதி செய்தது என்பதையும், மாற்றப் போதிய சான்று இல்லாததால் தீர்ப்பு நீடிக்கிறது என்பதையும் நடுவர் பிரித்து அறிவிப்பார். இப்போது இரண்டுக்கும் ஒரே அறிவிப்புதான். கேமரா கண்டதா, கைவிரித்ததா என்று ரசிகருக்குக் கிடைத்துவந்த ஒரே தகவலும் போனது. எளிமைக்காகச் செய்ததாம்!

மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. ஏசிசியின் ஒலிபரப்பை எல்லாக் கான்ஃபரன்ஸ்களும் பின்பற்றி, பழைய இரண்டு அறிவிப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தால் நான்கு தரத் தயங்கமாட்டேன். அதுவரை, ஏசிசி ஆட்டம் பார்ப்பவர்கள் மறுஆய்வின்போது ஒலியைக் குறைத்துவிட்டு எழுந்து போகாமல் இருப்பது நல்லது.